லொதாரின் துருக்கித் தொப்பி

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று சோனக ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறிக் கிடக்கும் கரை எங்களுடையது. இங்கே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கைமாற்றி வாசித்த வீரர், முத்து காமிக்ஸில் வேதாளர், ராணி காமிக்ஸில் மாயாவி. லீ பால்க் என்ற அமெரிக்கர் 1936 பெப்ரவரியில் நாளிதழ்த் தொடராகத் தொடங்கிய கதை அது. தகப்பனுக்குப் பின் மகனாக ஒரு வெள்ளைக்காரப் பரம்பரை மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் இருக்கும். நஞ்சு அம்போடு காவல் நிற்பவர்கள் பந்தர் என்னும் குள்ள மனிதர். காடு அவர்களுடையது, தீர்ப்பு அவருடையது. நாங்கள் கைதட்டியது தீர்ப்புச் சொன்னவருக்கு.

அதே பால்க் 1934இல் படைத்த மந்திரவாதி மாண்ட்ரேக்கின் கூட்டாளி லொதார், ஆபிரிக்க இளவரசர். ஆனால் ஆரம்பப் பக்கங்களில் அவருக்குக் கிடைத்தது சிறுத்தைத் தோல், கொச்சை ஆங்கிலம், ஏவல் வேலை, தலையில் ஒரு துருக்கித் தொப்பி. அந்தத் தொப்பிதான் என்னை உறுத்துகிறது. 1905இல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு வழக்காட வந்தபோது கொழும்பு உயர் நீதிமன்றம் மறுத்தது. இலங்கை முஸ்லிம்கள் மருதானையில் பெருங்கூட்டம் கூடிப் போராடி அந்த உரிமையை வென்றார்கள். எங்கள் மூத்தவர்கள் மானமாக அணிந்ததை ஓவியர் ஏவலாளின் அடையாளமாக வரைந்திருக்கிறார். ஓவியர் பில் டேவிஸ் காலமான பின் 1965இல் பிரெட் பிரெடரிக்ஸ் தூரிகையை ஏற்றார். அதன் பிறகுதான் லொதார் நல்ல உடுப்போடும் திருத்தமான பேச்சோடும் சமதையான தோழரானார்.

இந்தியாவில் 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், வேதாளரின் பரம எதிரிகளான சிங் கொள்ளையரைச் சிங்கா ஆக்கியது. வங்காளத்தை நினைவூட்டிய, வேதாளர் வாழும் நாட்டின் பெயரையும் டென்காலி என்று மாற்றியது. தங்கள் வாசகருக்கு நோகும் இடம் பதிப்பாளருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. சிம்மாசனமும் பந்தர் காவலும் அப்படியே இருந்தன.

இந்தக் குறை எங்கள் கரையிலும் உண்டு. பாடசாலை மேடை நாடகத்தில் பக்கத்து ஊராரின் பேச்சை இழுத்துக் காட்டிச் சிரிப்பு வாங்குவது இரு தரப்பிலும் நடக்கிறது. எங்களைக் கேலி செய்தால் கொதிக்கிறோம், நாங்கள் செய்வதைப் பகிடி என்கிறோம். ஆசிரியர்கள் சித்திரப் பாட வேளையில் அந்தப் பழைய பக்கங்களை விரித்து வைக்க வேண்டும். இருப்பவர் யார், நிற்பவர் யார், யாருக்குப் பேச்சுத் தரப்படவில்லை என்று பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். அடுத்த கலைவிழா நாடகப் பிரதியையும் அதே கேள்விகளோடு அவர்களே வாசிக்கட்டும்.