அளவுகோல்கள் ஜெயித்த துறை

இருமினால் கசியும் சிறுநீர், கீழிறங்கி வெளியே தெரியும் கருப்பை, அடக்க முடியாத மலம். பிள்ளை பெற்ற பெண்கள் பலர் வெளியே சொல்லாமல் சுமந்த தொல்லைகள் இவை. இவற்றுக்கென்றே இன்று தனி மருத்துவத் துறை இருக்கிறது. அமெரிக்காவில் 2011-ல் அது துணைச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. இத்துறையை வளர்த்தெடுத்த ஆய்வுகள் எவை? பின்னால் வந்த ஆய்வாளர்கள் எந்தக் கட்டுரையை அதிகம் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிப் பார்ப்பது, அதை அறிய ஒரு வழி.

இப்படி எண்ணுவதற்கு வழி போட்டவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட். 1955-ல் ‘சயின்ஸ்’ இதழில் யோசனையை முன்வைத்தார். 1964-ல் அறிவியல் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்தார். ஆய்வுகளைத் தேடிப் பிடிக்க உதவிய அந்தக் கருவி, நாளடைவில் அவற்றின் செல்வாக்கை எடைபோடவும் பயன்பட்டது.

முதலில் வந்தது அளவு

பெண்களின் இடுப்புத்தள மருத்துவத்தில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் இரண்டு, எந்த நோயையும் குணப்படுத்தியவை அல்ல. ஒன்று, 1996-ல் ரிச்சர்ட் பம்ப் குழுவினர் வெளியிட்டது. கருப்பையோ யோனிச் சுவரோ எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை ஒன்பது அளவுகளாக, சென்டிமீட்டர் கணக்கில் குறிக்கும் முறை அது. அதுவரை ஒரு மருத்துவர் ‘லேசான இறக்கம்’ என்று எழுதியதை இன்னொருவர் ‘நடுத்தரம்’ என்று எழுத இடமிருந்தது. ஓர் ஊரின் சிகிச்சை முடிவை இன்னோர் ஊரின் முடிவோடு ஒப்பிடுவது கடினமாக இருந்தது.

மற்றொன்று, 2002-ல் பால் ஏப்ரம்ஸ் தலைமையில் சர்வதேச சிறுநீர்க் கட்டுப்பாட்டுச் சங்கம் வெளியிட்ட அறிக்கை. சிறுநீர்க் கசிவுக்கான பழைய இலக்கணப்படி, கசிவை மருத்துவர் நேரில் கண்டு உறுதிசெய்ய வேண்டும். அது சமூக அல்லது சுகாதாரப் பிரச்சினையாகவும் இருக்க வேண்டும். புதிய இலக்கணத்தில், ‘என்னை அறியாமல் சிறுநீர் கசிகிறது’ என்று ஒரு பெண் சொன்னாலே போதும்.

எண்ணிக்கை தந்த அதிர்ச்சி

அடுத்த வரிசையில் நிற்பவை கணக்கெடுப்புகள். 1993-ல் அப்துல் சுல்தான் குழுவினர் லண்டனில், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்களுக்கு உள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இயல்பான வழியில் முதல் குழந்தை பெற்றவர்களில் 35% பேருக்கு ஆசனவாய்ச் சுருக்குத்தசையில் சேதம் இருந்தது. அதில் பெரும்பகுதி, பிரசவ அறையில் யார் கண்ணுக்கும் படாதது. பிரசவத் தையலை மருத்துவ உலகம் திரும்பிப் பார்க்கச் செய்த ஆய்வு இது.

1997-ல் அமெரிக்காவின் வடமேற்கில், ஒரு காப்பீட்டு அமைப்பின் உறுப்பினர்களை ஆராய்ந்த ஓல்சன் குழு, 80 வயதுக்குள் இறக்கத்துக்காகவோ கசிவுக்காகவோ அறுவை செய்துகொள்ளும் வாய்ப்பு 11.1% என்றது. அறுவை செய்துகொண்டவர்களில் 29.2% பேருக்கு அது மறு அறுவை. 2014-ல் விரிவான தரவுகளோடு வந்த இன்னோர் ஆய்வு அந்த வாய்ப்பை 20% என்று கணித்தது. ஆனாலும் பழைய எண் கட்டுரைகளில் தொடர்ந்து வருகிறது. மேற்கோள் பட்டியலில் மூப்புக்கு எப்போதும் சலுகை உண்டு.

பாராட்டா, எச்சரிக்கையா?

சிகிச்சைகளில் பெரும் செல்வாக்குப் பெற்றது, 1996-ல் ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டன் குழு அறிமுகப்படுத்திய நாடா அறுவை. சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே பாலிப்ரோப்பிலீன் நாடாவைச் செருகும் முறை. மயக்கம் கொடுக்காமல், அந்தப் பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம். 75 பெண்களில் 84% பேர் குணமானதாக அந்தக் கட்டுரை சொன்னது.

பின்னர் இதே பொருளாலான வலையைப் பெரிதாக வெட்டி, உறுப்பு இறக்கத்துக்கும் யோனி வழியே பொருத்தினார்கள். வலை சதையை அரித்து வெளியே வந்தது, தீராத வலி என்று புகார்கள் குவிந்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-லும் 2011-லும் எச்சரித்து, 2019-ல் இறக்கத்துக்கான யோனி வழி வலைகளின் விற்பனையை நிறுத்தியது. பிரிட்டனில் 2018-லேயே கசிவுக்கான நாடாவும் சேர்த்து நிறுத்திவைக்கப்பட்டது. இந்தச் சர்ச்சையில் ஓர் ஆய்வை ஆதரித்து எழுதினாலும் எதிர்த்து எழுதினாலும், அட்டவணையில் அதற்குக் கூடுவது ஒரு மேற்கோள்தான்.

பட்டியலில் சேராதவையும் உண்டு. 2020-ல் பிரிட்டனில் வெளியான கம்பர்லெஜ் அறிக்கை, வலையால் பாதிக்கப்பட்ட பெண்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டும் மருத்துவ அமைப்பு காதுகொடுக்கவில்லை என்று பதிவு செய்தது. அந்த முறையீடுகளை எந்த மேற்கோள் அட்டவணையும் எண்ணவில்லை. நோய் இருப்பதற்கு ஒரு பெண்ணின் சொல்லே போதும் என்று 2002-ல் ஏற்ற துறை, சிகிச்சையால் கேடு வந்தது என்று அவள் சொன்னபோது மட்டும் வேறு சாட்சி கேட்டது. செல்வாக்குள்ள ஆய்வுகளை வரிசைப்படுத்துகிறவர்கள், மேற்கோள்களை எண்ணுவதோடு நிறுத்தாமல் அவை எதற்காகக் காட்டப்பட்டன என்றும் படித்தால்தான் இந்த முரண் தெரியவரும்.