மில்லியனா, இலட்சமா? அறிவித்தற்பலகையை வாசிக்கப் பழகுவோம்

சில ஆண்டுகளுக்கு முன், தம்பிலுவிலுக்கு மேற்கே மீளக்குடியமர்ந்த ஒரு கிராமத்தின் கூட்டத்திற்கு நாம் போயிருந்தோம். இருபத்தொன்பது குடும்பங்களுக்குக் கல்வீடு கட்டும் வேலை அங்கே முடியுந் தறுவாயில் இருந்தது. பொதுக்கிணற்றடியில் நாட்டியிருந்த பலகையில் "மொத்தச் செலவு: ரூபா 14.5 மில்லியன்" என்று எழுதியிருந்தது. மத்திய கிழக்கில் சில காலம் வேலைசெய்து திரும்பிய ஒருவர் எழுந்தார்.

"மில்லியன் எண்டால் கோடி. பதினாலரைக் கோடிய இருபத்தொன்பதால பிரிச்சுப் பாருங்க. ஒரு வீட்டுக்கு அம்பது இலட்சம் வருது. எங்கட கைக்கு வந்தது அஞ்சு இலட்சம். மிச்சக் காசு எங்க?"

சங்கத்தின் பொருளாளர் கணவனை இழந்த ஒரு பெண். வங்கிப் புத்தகத்தையும் பற்றுச்சீட்டுக் கட்டையும் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தவர், "அண்ணன், என்ட புத்தகத்தில ஒரு கோடி நாப்பத்தஞ்சு இலட்சம்தான் கிடக்கு" என்றார். அது நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போலாயிற்று. பலகையில் ஒரு கணக்கு, புத்தகத்தில் வேறொரு கணக்கு என்று கூட்டம் இரைந்தது. உண்மையில் இரண்டும் ஒரே கணக்கு. 14.5 மில்லியன் என்றாலும் ஒரு கோடி நாற்பத்தைந்து இலட்சம் என்றாலும் ஒரே தொகைதான். அதை விளங்கப்படுத்த எமக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. விளங்கிக்கொண்ட பின்னரும் அந்தப் பெண் அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. பலகையின் வாசகத்தை எழுதிய வேளையில் நாமும் அருகில் இருந்தோம். 'மில்லியன்' என்று போட்டால் எத்தனை பேருக்கு விளங்கும் என்று எமக்கும் தோன்றவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரையிலாவது தீர்க்கப் பார்க்கிறோம்.

எமது பெரியவர்கள் நெல்லை மரைக்காலாலும் அவணத்தாலும் அளந்தார்கள். பின்னர் புசல் வந்தது, அதன் பின்னர் கிலோ வந்தது. அளவை மாறியதால் களத்தில் கிடந்த நெல் கூடவுமில்லை, குறையவுமில்லை. எண்களும் அப்படித்தான். இலட்சமும் கோடியும் ஓர் அளவை. மில்லியனும் பில்லியனும் இன்னோர் அளவை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்துக்கு மேலேதான் தொடங்குகிறது. ஆயிரம் வரைக்கும் எல்லோரும் ஒரே வழியிற்றான் எண்ணுகிறோம். அதற்கப்பால் நாம் நூறு நூறாக ஏறுகிறோம். நூறு ஆயிரம் ஓர் இலட்சம். நூறு இலட்சம் ஒரு கோடி. ஆங்கிலேயரும் ஏனைய மேற்கு நாட்டவரும் ஆயிரம் ஆயிரமாக ஏறுகிறார்கள். ஆயிரம் ஆயிரம் ஒரு மில்லியன். ஆயிரம் மில்லியன் ஒரு பில்லியன். நூறாக ஏறுபவர் வலப்பக்கத்திலிருந்து முதலில் மூன்று இலக்கம் விட்டு, பின்னர் இரண்டிரண்டு இலக்கத்துக்கு ஒரு கொமா போடுவார். ஆயிரமாக ஏறுபவர் எப்போதும் மும்மூன்று இலக்கத்துக்கு ஒரு கொமா போடுவார். இந்தியப் பத்திரிகையில் 1,45,00,000 என்று காண்பீர்கள். எமது வங்கியில் அதே தொகையை 14,500,000 என்று அச்சிடுவார்கள். கொமாக்களை எல்லாம் அழித்துவிட்டுப் பாருங்கள்: இரண்டும் 14500000. இலக்கம் ஒன்றுகூட மாறவில்லை, மூச்சு விடும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

இந்தியாவில் வாயால் இலட்சம் என்று சொல்பவர் கையாலும் இலட்சத்துக்குரிய கொமாவைப் போடுகிறார். இலங்கையில் எமது வாய் ஒரு கணக்கிலும் கை வேறொரு கணக்கிலும் இருக்கின்றன. அக்கரைப்பற்று, கல்முனை வியாபாரிகளும் நாமும் இலட்சத்தில் விலை பேசுகிறோம். சிங்கள மக்களும் பேச்சில் இலட்சம், கோடி என்றே சொல்கிறார்கள். ஆனால் காசோலை, வங்கிச் சீட்டு, திட்ட அறிக்கை, வரவுசெலவுத்திட்டம் ஆகியவற்றிலே மில்லியன் கணக்கும் மூன்றிலக்கக் கொமாவுமே இருக்கின்றன. ஆகவே படிப்புக் குறைவால்தான் எமக்கு இந்தத் தடுமாற்றம் வருகிறது என்று எவரும் வெட்கப்பட வேண்டாம். உத்தியோகத்தர்களும் இதில் தடுக்கி விழுந்ததை நாம் கண்டிருக்கிறோம்.

மாற்றும் வழி எளிது. மில்லியனைப் பத்தால் பெருக்கினால் இலட்சம் கிடைக்கும், பத்தால் பிரித்தால் கோடி கிடைக்கும். 14.5ஐப் பத்தால் பெருக்க 145 இலட்சம். பத்தால் பிரிக்க 1.45 கோடி, அதாவது ஒரு கோடி நாற்பத்தைந்து இலட்சம். பில்லியனை நூறால் பெருக்கினால் நேரே கோடி வரும். 3 பில்லியன் 300 கோடி. அதற்கு மேலே உள்ள டிரில்லியன் ஓர் இலட்சம் கோடி. அதை நாட்டின் கடனைப் பற்றிப் பேசும்போது மட்டுமே கேள்விப்படுவோம்.

பெருக்கவும் பிரிக்கவும் மனம் வராதவர்கள் பூச்சியத்தை எண்ணலாம். இதனை வெட்டி, வங்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்:

ஆயிரம் – 3 பூச்சியம்
இலட்சம் – 5 பூச்சியம்
மில்லியன் (பத்து இலட்சம்) – 6 பூச்சியம்
கோடி (பத்து மில்லியன்) – 7 பூச்சியம்
பில்லியன் (நூறு கோடி) – 9 பூச்சியம்

நீங்கள் நன்றாக அறிந்த தொகைகளில் இதைப் பழகிப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்த பின்னர், முற்றாக அழிந்த வீட்டுக்கு அரசாங்கம் 250,000 ரூபா என்றும், பகுதி சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபா என்றும் நிதி அறிவித்தது. இந்தக் கரையில் எவரும் "இருநூற்றைம்பது ஆயிரம்" என்று அதைச் சொல்லவில்லை. இரண்டரை இலட்சம், ஓர் இலட்சம் என்றே சொன்னோம். கொழும்பில் எழுதப்படும் அறிக்கையில் அதே இரண்டரை இலட்சம் 0.25 மில்லியன் ஆகிவிடும். பூச்சியத்தில் தொடங்குவதைக் கண்டு அற்பத் தொகை என்று எண்ணிவிடாதீர்கள். முற்றாக அழிந்த ஆயிரம் வீடுகளுக்குக் கணக்குப் போட்டால் 250 மில்லியன், எமது பேச்சில் 25 கோடி.

இரண்டு அளவைகளும் ஒரே திட்டத்திலே சந்தித்த சம்பவமும் உண்டு. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தைப் பலரும் அறிவீர்கள். இதற்கான உடன்படிக்கை 2012 ஜனவரியில் கைச்சாத்தானது. பெரும்பகுதி வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும் கட்டப்பட்டன, எஞ்சியவை மலையகத் தோட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டன. வடக்கு கிழக்கில் புதிய வீடு ஒன்றுக்கு 550,000 இலங்கை ரூபா கட்டங்கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் இடப்பட்டது. முழுத் திட்டத்துக்குமான தொகையை இந்தியத் தரப்பு 1,372 கோடி இந்திய ரூபாய் என்று அறிவித்தது. அதை மில்லியனாக்க வேண்டுமானால் பத்தால் பெருக்க வேண்டும்: 13,720 மில்லியன், அதாவது 13.72 பில்லியன். இதிலே இரண்டு மாற்றங்கள் ஒன்றன்மேலொன்றாக வருகின்றன. கோடியை மில்லியனாக்குவது ஒன்று, இந்திய ரூபாயை இலங்கை ரூபாவாக்குவது மற்றொன்று. ஒரே வேளையில் இரண்டையும் செய்யப் போனால் நிச்சயம் குழம்பும். முதலில் கோடியை மில்லியனாக்கி ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அன்றைய நாணயமாற்று வீதத்தால் பெருக்குங்கள். டொலரில் வரும் உதவிக்கும் இதே ஒழுங்குதான்.

இனி, பணம் தவறிப்போகும் இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது தசமப் புள்ளி. 1.5 மில்லியன் என்பது பதினைந்து இலட்சம். 1.05 மில்லியன் என்பது பத்தரை இலட்சம். நடுவிலுள்ள சிறு பூச்சியத்தின் விலை நாலரை இலட்சம் ரூபா! கூட்டத்தில் வாசிப்பவர் "ஒன்று தசம் ஐந்து" என்று விழுங்கிவிட்டால் கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. "ஒன்று தசம் பூச்சியம் ஐந்து" என்று முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். அதிலும் ஐயமிருந்தால் தசமமே இல்லாமல் 1,050,000 என்று எழுதிக் காட்டும்படி கேளுங்கள்.

இரண்டாவது, கணக்கறிக்கையின் தலைப்பு. அட்டவணையின் மேல் மூலையில் சிறிய எழுத்தில் "ரூபா ஆயிரங்களில்" என்றோ, ஒரு மேற்குறியும் மூன்று பூச்சியமுமோ இருக்கும். அப்படியானால் கீழேயுள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் மூன்று பூச்சியம் சேர்த்து வாசிக்க வேண்டும். 14,500 என்று கண்டால் அது பதினாலாயிரத்து ஐந்நூறு அல்ல. ஒரு கோடி நாற்பத்தைந்து இலட்சம். மூலையைப் பாராமல் அறிக்கையின் நடுவை வாசிப்பது, எல்லைக்கல்லைப் பாராமல் வயலை உழுவதற்குச் சமன்.

மூன்றாவது, ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்து வரும் கடிதங்கள். அங்கே புள்ளியும் கொமாவும் இடம் மாறி நிற்கும். 25.000 யூரோ என்று எழுதியிருந்தால் அது இருபத்தையாயிரம் யூரோ. இருபத்தைந்து யூரோ அல்ல. அவர்களுடைய மொழியில் 'பில்லியன்' என்ற சொல்லும் எமது பில்லியனைப் போல ஆயிரம் மடங்கு பெரியது. ஆயிரம் மில்லியனுக்கு அவர்கள் 'மில்லியார்டே' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். பிரித்தானியாவிலும் முன்னர் பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன்தான். 1974இல்தான் அந்த அரசு தன் புள்ளிவிபரங்களில் ஆயிரம் மில்லியனைப் பில்லியன் என்று கொள்ளத் தீர்மானித்தது. ஆகவே பழைய பள்ளிக்கூடத்தில் படித்த ஐயா ஒருவர் "பில்லியனுக்குப் பன்னிரண்டு பூச்சியம்" என்று அடித்துச் சொன்னால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் படித்த காலத்தில் அது சரி.

எண் மிகப் பெரிதாகி மனதுக்குள் அடங்காத போது ஆட்களின் தொகையால் பிரித்துப் பாருங்கள். சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச் 20ஆந் திகதி இலங்கைக்கு ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுதவியை நான்கு ஆண்டுகளுக்கு அங்கீகரித்தது. கேட்டவுடன் நாட்டின் பஞ்சமே தீர்ந்துவிடும் போலத் தோன்றுகிறதல்லவா? 300 கோடி டொலரை ஏறத்தாழ 2 கோடி 20 இலட்சம் மக்களால் பிரித்தால் ஆளுக்கு 140 டொலருக்குச் சற்றுக் குறைவாகவே வரும். அதுவும் நான்கு ஆண்டுகளுக்கு. உங்கள் பிரதேசத்துக்கு "இத்தனை மில்லியன்" என்று மேடையில் எவராவது சொன்னால், குடும்பத்துக்கு எவ்வளவு என்று அங்கேயே மண்ணில் விரலால் எழுதிப் பாருங்கள்.

பணத்துக்கு மட்டுமன்றித் தண்ணீருக்கும் இது வேண்டியிருக்கிறது. சேனாநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி என்று பழைய நூல்களிலும், 950 மில்லியன் கன மீற்றர் என்று புதிய அறிக்கைகளிலும் இருக்கும். முன்னது ஏழு இலட்சத்து எழுபதாயிரம், பின்னது 95 கோடி. குளம் பெருத்துவிடவில்லை. ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஏறத்தாழ 1,233 கன மீற்றர். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் பொருந்தும். கமக்காரர் கூட்டத்தில் நீர்த் திறப்பைப் பற்றிப் பேசும்போது உத்தியோகத்தர் எந்த அளவையில் சொல்கிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கங்களின் பொருளாளர்களிடமும், திட்டங்களை நடத்தும் எம் போன்றவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். பலகையிலோ அறிக்கையிலோ மில்லியன் என்று எழுத வேண்டி வந்தால், பக்கத்திலேயே முழு எண்ணையும், அதன்கீழ் எமது மக்கள் பேசும் சொல்லிலும் எழுதிவிடுங்கள். ஒரு வரி கூடுவதற்கு எவ்வளவு வர்ணப்பூச்சுப் போய்விடும்? காசோலையில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது எதற்காகவோ, அதே காரணத்துக்காகத்தான் இதைக் கேட்கிறோம்.

நாம் முதலிற் சொன்ன கிராமத்தில் அப்படித்தான் செய்தார்கள். கிணற்றடிப் பலகையைக் கழற்றிப் புதிதாக வர்ணம் பூசி, "ரூபா 14,500,000 – ஒரு கோடி நாற்பத்தைந்து இலட்சம்" என்று எழுதுவித்தார்கள். பொருளாளரை அழைத்துவரப் போனவர் அன்று கூட்டத்தில் எழுந்து கேட்ட அதே மனிதர். அவர் வருவதற்கிடையில் ஓவியர் பூச்சியமொன்றைக் குறைத்து எழுதிவிட்டார். பொருளாளர் வந்து, வலப்பக்கத்திலிருந்து விரல் வைத்து எண்ணி, "இன்னொண்டு வேணும் தம்பி" என்றார்.