பிழையைக் கண்டவரே திருத்தலாம்

முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், கணினிகளில் லினக்ஸ் நிறுவித் தந்த ஆசிரியர் பணிமாறுதலில் சென்றார். எழுதி வைத்தது எதுவும் இல்லை. அடுத்த பருவம் முழுக்க அந்த அறை பூட்டியே கிடந்தது.

கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அதனால் பல திட்டங்களில் நிரலோடு கையேட்டையும் பொதுவில் வைக்கிறார்கள். படிப்பவர் எந்த வரியில் தடுமாறினாரோ, அதற்கு அவரே திருத்தம் அனுப்பலாம். பொறுப்பாளர் சரிபார்த்துச் சேர்ப்பார். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதும் பதிவாகும். புதியவர்களுக்கென எளிய வேலைகளைக் குறித்து வைப்பதும் உண்டு. எழுத்துப்பிழையைத் திருத்துவதும் பங்களிப்புதான். முதல் திருத்தத்துக்குக் கிடைக்கும் மறுமொழி கடுமையாக இருந்தால் அவர் மறுபடி வரமாட்டார். நம் வகுப்பறை போலத்தான்.

தமிழில் 2012 முதல் கணியம் இதழ் லினக்ஸ் முதலானவற்றை எளிய தமிழில் விளக்கி, பிறரும் பகிரக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிப் பழக ‘மணல்தொட்டி’ உண்டு; கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்க்க ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடல் பக்கம் உண்டு. மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கட்டுரையின் ‘வரலாறு’ பக்கத்தைத்தான். எத்தனை கைகள் பட்டு ஒரு பத்தி உருவாகிறது என்று அதில் தெரியும்.

இப்போது சுத்துக்கேணியில் கணினி அறைக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். முதல் பக்கம் நான் எழுதியது. அதைப் படித்த ஏழாம் வகுப்பு மாணவி கேட்டாள்: “சார், யுபிஎஸ்ஸை முதல்ல போடணும்னு எழுதவே இல்லையே?” பேனாவை அவளிடம் கொடுத்தேன். எழுதிவிட்டு, ஓரத்தில் பெயரும் தேதியும் போட்டாள்.