கிருமியை ஒட்டவிடாத பழம்

நீர்க்கடுப்பு வந்தவர்களுக்குத் தெரியும், சொட்டுச் சொட்டாகப் போவதும் போகும்போதெல்லாம் எரிவதும் எவ்வளவு அவஸ்தை என்று. பெரும்பாலும் இதற்குக் காரணம், நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை பாக்டீரியா. பெண்களின் சிறுநீர்த் தாரை சுமார் 4 சென்டிமீட்டர் நீளம்தான். அதனால் அவர்களுடைய சிறுநீர்ப்பைக்குள் இது சுலபமாக ஏறிவிடுகிறது.

ஏறினால் போதாது, அங்கே நிலைக்க வேண்டும். சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடுமே! அதற்காகவே இந்தக் கிருமியின் மேலெல்லாம் மயிர்போன்ற நுண்ணிழைகள் இருக்கின்றன. ஒருவகை இழையின் நுனியில் உள்ள புரதம், சிறுநீர்ப்பையின் உட்சுவரில் இருக்கும் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது. நீரோட்டம் இழுத்தால் இந்தப் பிடி தளராமல் இன்னும் இறுகும். ‘பி’ வகை என்னும் மற்றோர் இழை சிறுநீரகச் செல்களைப் பற்றுவதற்கு.

வட அமெரிக்கச் சதுப்புநிலங்களில் விளையும் கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழத்தைச் சாறாக்கிக் குடித்தால் நீர்க்கடுப்பு வராது என்பது அங்கே பழைய நம்பிக்கை. சாறு சிறுநீரில் அமிலத்தைக் கூட்டிக் கிருமியைக் கொல்கிறது என்று நெடுநாள் விளக்கம் சொன்னார்கள். 1984-ல் ஆன்டனி சொபோட்டா என்ற அமெரிக்க ஆய்வாளர், சாறு கிருமியைச் செல்களில் ஒட்டவிடாமல் தடுப்பதைக் காட்டினார். 1991-ல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஏழு பழச்சாறுகளைச் சோதித்தார்கள். ‘பி’ இழைகளைத் தடுத்தவை கிரான்பெர்ரியும் புளூபெர்ரியும்தான். மாம்பழம், கொய்யா, ஆரஞ்சு எல்லாம் தோற்றன. 1998-ல் ஏமி ஹவல் குழு, அந்த வேலையைச் செய்வது புரோஆந்தோசயனிடின் என்ற துவர்ப்புப் பொருள் என்று கண்டது. திராட்சையிலும் இந்தப் பொருள் உண்டு. ஆனால் அதில் மூலக்கூறின் கண்ணிகளை ஒற்றைப் பிணைப்பு இணைக்கிறது; கிரான்பெர்ரியில் சில கண்ணிகளுக்கிடையே இரண்டு இடங்களில் இணைப்பு விழுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சோதனைக்குழாயில் நடந்தது உடம்பிலும் நடக்குமா? 2012-ல் காக்ரேன் அமைப்பு 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை என்றது. 2023-ல் 50 ஆய்வுகளைப் பார்த்தபின் முடிவு மாறியது: அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு, மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது. குழந்தைகளுக்கும் பலன் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கும், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் தெரியவில்லை. கிருமியின் பிடியை ஏமாற்ற மேனோஸையே தூளாகக் கொடுக்கும் யோசனை இதைவிடக் கச்சிதமானது. ஆனால் 2024-ல் வெளியான, 598 பெண்களிடம் நடந்த பிரிட்டன் ஆய்வில் அது பலிக்கவில்லை.

ஆக, கிரான்பெர்ரி வருமுன் காப்பதற்கே. ஏற்கெனவே ஒட்டிப் பெருகிவிட்ட கிருமியை இது கொல்லாது, அதற்கு ஆன்டிபயாட்டிக்தான். கடுப்போடு காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்புற முதுகுவலி இருந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அப்போது பழச்சாற்றை நம்பி ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.