ஒரு மாலைப் பாட்டும் மூன்றாண்டுச் சிகிச்சையும்

நற்பணிக்கான இசை நிகழ்ச்சி என்றதும் பெரிய மைதானமும், உரத்த ஒலிபெருக்கிகளும், திரண்ட சனமுமே எமது மனக்கண்ணில் தோன்றும். ஆனால் நூறு பேர் கூட அமர முடியாத ஒரு சிறிய மண்டபத்தில், கிற்றாரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பாடுவோரைக் கொண்டும் பெரிய காரியங்களைச் செய்யலாம். நோயுற்ற சிறார்களுக்காக அமெரிக்காவின் கன்ட்ரி இசைக் கலைஞர்கள் செய்துவரும் பணி இதற்கு நல்ல சான்று. அது எவ்வாறு நடைபெறுகின்றது, ஏன் பயன் தருகின்றது என்பதை இங்கு நோக்குவோம்.

கிராமத்து மக்களின் இசை

கன்ட்ரி இசை அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களிலும் அப்பலாச்சியன் மலைச்சரிவுகளிலும் பிறந்தது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியோரின் கதைப்பாட்டுகள், ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்த பான்ஜோ வாத்தியமும் புளூஸ் இசையும், ஆலயப் பாடல்கள் ஆகிய யாவும் இதிற் கலந்துள்ளன. பயிர்ச்செய்கையாளர், சுரங்கத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் வீட்டுக் கவலைகளே இதன் பொருள். 1925இல் டெனசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் தொடங்கி, பின்னர் ‘கிராண்ட் ஓல் ஒப்ரி’ எனப் பெயர்பெற்ற வானொலி நிகழ்ச்சி, இவ்விசையை வீடுகளுக்கெல்லாம் எடுத்துச் சென்றது. பாடகரும் கேட்போரும் ஒரே வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் என்ற உணர்வு இவ்விசைக்குப் பெரும் பலம்.

வட்டமாக இருந்து பாடுதல்

நாஷ்வில் நகரில் 1982இல் திறக்கப்பட்ட ‘புளூபேர்ட் கபே’ ஒரு சாதாரண கடைத்தொகுதியில் உள்ள சிறிய உணவகம். அங்கு ஏறத்தாழ 90 பேரே அமரலாம். 1985இல் பாடலாசிரியர் சிலர் மேடையை விட்டிறங்கி, மண்டபத்தின் நடுவில் ஒருவரையொருவர் பார்த்தபடி வட்டமாக அமர்ந்து பாடத் தொடங்கினர். ஒருவர் பாடுவார், அப்பாட்டு எவ்வாறு பிறந்தது என்பதைச் சொல்லுவார், பின்னர் அடுத்தவரின் முறை. கேட்போர் சுற்றிவர இருப்பர். பாட்டு நடக்கையில் பேசாதிருப்பது அங்கு கண்டிப்பான வழக்கம்.

நிதி சேகரிப்புக்கு இம்முறை மிகவும் பொருத்தமானது. முதலாவது, செலவு குறைவு. பெரிய மேடை, விளக்கு, வாத்தியக் குழு எதுவும் வேண்டியதில்லை. கலைஞர் தமது உழைப்பையும் மண்டபக்காரர் இடத்தையும் இலவசமாகத் தந்தால், சேர்ந்த பணம் ஏறக்குறைய முழுவதும் நோக்கத்துக்கே போய்ச்சேரும். இரண்டாவது, அங்கு எவரும் கூட்டத்துக்குள் மறைந்திருக்க முடியாது. ஒரு தாயின் அனுபவத்தைப் பத்தடி தூரத்திலிருந்து அமைதியாகக் கேட்டவர், அதை இலகுவில் மறந்துவிட மாட்டார்.

ஒரு நேர்த்தியும் ஒரு வேண்டுகோளும்

லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த டனி தோமஸ் என்னும் நகைச்சுவை நடிகர், தமது வாழ்வின் இக்கட்டான காலத்தில், வழிகாட்டினால் ஒரு திருத்தலம் எழுப்புவேன் எனப் புனித யூதா ததேயுவிடம் நேர்ந்துகொண்டார். அந்த நேர்த்தி பின்னர் ஒரு வைத்தியசாலையாக உருவெடுத்தது. நிதி திரட்டுவதற்கென 1957இல் ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தினார். 1962இல் மெம்பிஸ் நகரில் ‘சென்ட் ஜூட் சிறுவர் ஆய்வு வைத்தியசாலை’ திறக்கப்பட்டது. நிறவேறுபாடு கடுமையாக நிலவிய அந்தத் தென்பகுதியில், அது தொடக்கத்திலிருந்தே எல்லா இனக் குழந்தைகளையும் ஏற்றுக்கொண்டது. சிகிச்சைக்கோ, பயணத்துக்கோ, தங்குமிடத்துக்கோ, உணவுக்கோ அங்கு வரும் குடும்பத்தினரிடம் பணம் கேட்பதில்லை. செலவின் பெரும்பகுதியைப் பொதுமக்களின் நன்கொடையே தாங்குகின்றது.

1989இல் டனி தோமஸ், ‘அலபாமா’ என்னும் இசைக்குழுவின் பாடகர் ரண்டி ஓவனின் உதவியை நாடினார். அலபாமா மாநிலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்த ரண்டி ஓவன், கன்ட்ரி இசை வானொலி நிலையத்தார் கூடிய மாநாட்டில் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். அதன் பயனாக, நிலையங்கள் ஆண்டுதோறும் வழமையாக இரண்டு நாட்களை ஒதுக்கி, பாடல்களுக்கிடையே பெற்றோரின் கதைகளை ஒலிபரப்பித் தொலைபேசி மூலம் நன்கொடை கேட்கும் வழக்கம் தோன்றியது. இதனையொட்டிச் சிறு கிற்றார்க் கச்சேரிகளும் பல ஊர்களில் நடத்தப்படுகின்றன. இம்முயற்சியால் இதுவரை 80 கோடி டொலருக்கும் அதிகமான நிதி சேர்ந்துள்ளது.

மாதாந்த வாக்குறுதி ஏன்?

இங்கு நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. இவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒருமுறை கொடுக்கும் பெருந்தொகையை அல்ல. மாதந்தோறும் தரும் சிறு தொகையையே கேட்கின்றனர். இதற்குக் காரணம் நோயின் தன்மையிலேயே இருக்கின்றது. சிறுவரிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய், இரத்தப் புற்றுநோயின் ஒரு வகை. அதற்கான மருந்துச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கும். பிள்ளை சுகமானது போலத் தோன்றிய பின்பும், நோய் திரும்பாதிருக்க மருந்தைத் தொடர்ந்தே ஆகவேண்டும். இடையில் நிறுத்தினால் அதுவரை செய்த முயற்சி வீணாகிவிடலாம். மூன்றாண்டு நோய்க்கு ஒருநாட் கொடை போதாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 90 பேர் கூடிய மண்டபத்தில் ஒருவருக்கு 50 டொலர் கட்டணம் என்றால் 4,500 டொலர் சேரும். அவர்களுள் 30 பேர் மாதம் 20 டொலர் தருவதாக வாக்களித்து அதை மூன்றாண்டு காப்பாற்றினால், சேரும் தொகை 21,600 டொலர். அதைவிட முக்கியமானது, அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்பதை வைத்தியசாலை முன்கூட்டியே அறிந்து மருந்துக்கு ஒழுங்கு செய்யலாம்.

முன்னேற்பாடு இல்லாவிடின்

நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்கு, வேறொரு வகை இசையிலிருந்து ஓர் உதாரணம் கூறலாம். 1971 ஆகஸ்ட் 1ஆம் திகதி, பங்களாதேஷ் அகதிகளுக்காக ஜோர்ஜ் ஹரிசனும் பண்டிட் ரவிசங்கரும் நியூயோர்க்கில் நடத்திய நிகழ்ச்சிகளுக்கு ஏறத்தாழ 40,000 பேர் வந்தனர். நுழைவுக் கட்டணமாகச் சேர்ந்த சுமார் 243,000 டொலர் யுனிசெப் நிறுவனத்திடம் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டாலும் திரைப்படத்தாலும் வந்த பெருந்தொகை, தர்மநிதிக்கான சட்ட ஒழுங்குகள் முன்கூட்டியே செய்யப்படாததால், வரிச் சிக்கலில் அகப்பட்டுப் பல ஆண்டுகள் முடங்கியது. பசித்த பிள்ளை அத்தனை ஆண்டு காத்திருக்குமா? நிதி சேர்க்கும் பொறுப்புக்கென வைத்தியசாலை திறக்க ஐந்தாண்டு முன்னரே தனி அமைப்பைத் தொடங்கிய டனி தோமஸின் முன்யோசனை இங்கேதான் விளங்குகின்றது.

விளைந்த பயன்

1962இல் மேற்சொன்ன இரத்தப் புற்றுநோய் கண்ட நூறு குழந்தைகளுள் நான்கு பேரளவிலேயே பிழைத்தனர். இன்று வசதியுள்ள நாடுகளில் ஏறத்தாழ தொண்ணூறு பேர் பிழைக்கின்றனர். பல நாடுகளின் ஆய்வாளர் இதற்கு உழைத்தனர்; சென்ட் ஜூட் வைத்தியசாலையின் பங்கு அதில் முக்கியமானது. ஆயினும் வறிய நாடுகள் பலவற்றில், புற்றுநோய் கண்ட சிறுவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் கூடக் குணமடைவதில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நோய் ஒன்றே, மருந்து கிடைப்பதிலேதான் வேறுபாடு. இதனைக் குறைப்பதற்காக 2021இல் அவ்வைத்தியசாலையும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து, வறிய நாடுகளுக்குப் புற்றுநோய் மருந்துகளை வழங்கும் திட்டமொன்றை அறிவித்தன. இதற்கென வைத்தியசாலை 20 கோடி டொலர் ஒதுக்கியது.

எனவே இத்தகைய நிகழ்ச்சி ஒன்றை ஒழுங்கு செய்வோர் நான்கு கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும். பணம் யாருடைய கையிற் சேரும்? செலவு போக எவ்வளவு மிஞ்சும்? கணக்கு எப்போது வெளியிடப்படும்? அடுத்த மாதமும் உதவி தொடருமா? இவற்றோடு இன்னொன்றையும் மனதிற் கொள்ள வேண்டும். இரக்கத்தைத் தூண்டுவதற்காக நோயுற்ற பிள்ளையைக் காட்சிப் பொருளாக்கலாகாது. சொல்ல விரும்பும் பெற்றோர் தாமாகவே முன்வந்து சொல்லட்டும். விரும்பாதவர் மௌனமாக இருக்கட்டும். எதையும் சொல்லாத தாயின் பிள்ளைக்கும் அதே மருந்து கிடைக்க வேண்டும்.