ஒளியெழுத்தும் அதனைத் தாங்கும் சுவரும்

மாணவர்களே, இரவில் ஒளிரும் பெயரெழுத்துகளைக் கண்டிராதவர் உங்களுள் எவரும் இரார். எழுத்தின் வடிவையும் நிறத்தையும் பலரும் வியப்பர். அது எதன்மேல் நிற்கின்றது என வினவுவோர் மிகச் சிலரே. முதலில் எழ வேண்டிய வினா அதுவே என்பது என் கருத்து.

கல்பாக்கத்து அணுசக்தித் துறை ஊழியர்கள் வாழும் அணுபுரத்தை எடுத்துக்கொள்வோம். உப்புக்காற்று எட்டும் ஊர் அது. அதன் செயல் யாதென்பதை அருகிலுள்ள மாமல்லபுரத்திலேயே காணலாம். தர்மராஜ ரதத்தில் வெட்டப்பட்ட பல்லவ மன்னரின் விருதுப் பெயர்களை இன்றும் படிக்க இயலும்; அலையருகே நிற்கும் கடற்கரைக் கோயிலின் சிற்பங்களோ பெரிதும் தேய்ந்துள்ளன. கருங்கல்லுக்கே இந்நிலையெனில், தகட்டெழுத்து எம்மாத்திரம்?

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தது. அத்தகைய இரவில் எழுத்தைக் காப்பது அதன் பின்னுள்ள பிடிப்பு ஒன்றே. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெரும் விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் மாண்டனர். அதன் அடித்தளம் போதிய வலுவற்றது என்பது பின்னர் ஆய்வில் தெரிந்தது.

ஆதலின் சுவரைத் தட்டிப் பாருங்கள். மேற்பூச்சு ஆணியைத் தாங்காது. ஆணி அதனைக் கடந்து செங்கல்லின் நடுவே இறங்க வேண்டும், இரு கல்லின் இடைச்சாந்தில் அன்று. இக்காலத்துக் கடை முகப்புகளில் காணும் அலுமினியக் கூட்டுப்பலகை பார்வைக்குத் திண்மையாகத் தோன்றும். உண்மையில், நெகிழிப் பொருளின் இருபுறமும் மெல்லிய தகடு ஒட்டிய பண்டம் அது. எழுத்தின் பளுவைப் பலகையின் பின்னுள்ள இரும்புச் சட்டமே ஏற்க வேண்டும்.

பிடிக்கும் ஆணியிலும் ஒரு நுட்பம் உண்டு. இருவேறு உலோகங்களும் உப்பு நீரும் கூடினால் அஃது ஒரு மின்கலமாகும். அலுமினியமும் செம்பும் தொட்டால் அரிக்கப்படுவது அலுமினியமே. இடையில் நைலான் வாஷர் இட்டால் அத்தொடர்பு அறும். நாம் எவர்சில்வர் எனும் எஃகிலும், மாலிப்டினம் கலந்த 316 வகையே கடற்காற்றை நன்கு தாங்கும்.

இனி ஒளியைப் பார்ப்போம். எழுத்தின் பின்னிருந்து ஒளி கசிந்து சுவரில் பரவும் அமைப்பில், சுவரே விளக்கின் ஒரு பகுதியாகிறது. அட்டையில் ஓர் எழுத்தை வெட்டி, சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன் நான்கைந்து சென்டிமீட்டர் விலக்கிப் பிடித்து, பின்னால் டார்ச் ஒளியைச் செலுத்துங்கள். எழுத்தைச் சுற்றி மென்மையான ஒளிவட்டம் எழும். பளபளக்கும் கிரானைட்டின் முன் அதனையே செய்யின், கண்ணாடியிற்போல் விளக்கின் உருவமே தெரியும். பளபளப்பற்ற வெளிர்நிறப் பரப்பே இதற்கு ஏற்றது. முன்புறம் ஒளிரும் எழுத்துக்கோ கருமையான பின்னணி நலம்.

கம்பி செல்லும் துளை வெளிப்புறம் தாழ்ந்து சரியட்டும்; இல்லையேல் மழைநீர் சுவருக்குள் புகும். விளக்கு பழுதுற்றால் எட்டித் திருத்த வழியும் வேண்டும். சுவரை உடைத்துத்தான் திருத்த இயலும் என்னும் இடத்தை நான் ஏற்கேன்.

தமிழ் எழுத்தில் தொல்லை ஒன்றுண்டு. மெய்யெழுத்தின் புள்ளி தனித்துண்டு. அதற்குத் தனிப் பிடிப்பும் தனிக் கம்பியும் தேவை. கட்டமும் கோடுமாக உள்ள ஓட்டுச் சுவரில் அது கண்ணுக்கே புலப்படாது. வட்டமாதலால் அது சுழன்றாலும் எவரும் அறியார். காற்றில் உதிர்ந்தாலோ ‘கல்’ என்பது ‘கல’ என்றாகிவிடும். ஏணியில் ஏறுபவரிடம், பெரிய எழுத்துகளைப் போலவே புள்ளியையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.