பாதி விலைக்கும் கீழே ஒரு ஜெர்மன் கார்

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் போன வருடம் ஏழு லட்ச ரூபாய்க்கு ஒரு ஜெர்மன் கார் வாங்கினார். பத்து வயது வண்டி. பெயின்ட் புதுசு போல மின்னியது, சீட் லெதர், ஓடோமீட்டரில் அறுபதாயிரத்துச் சொச்சம். நான்காவது மாதத்தில் சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் வண்டி குலுங்கத் தொடங்கியது. பிறகு ஒரு நாள் மேம்பாலத்தின் நடுவில் கியர் விழவே இல்லை. கியர்பாக்ஸ் வேலைக்கு ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. வீட்டில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.

இந்தக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். பென்ஸ் ஏ கிளாஸ், பிஎம்டபிள்யூ 1 சீரிஸ், ஆடி ஏ3 ஆகியவை 2013, 2014இல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலையே இருபது லட்சத்துக்கு மேல்தான் தொடங்கியது. இன்று அதே வண்டி ஒரு புது ஸ்விஃப்ட் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் அதன் கிளட்ச், சஸ்பென்ஷன், சென்சார் எல்லாம் இன்னும் இருபது லட்ச ரூபாய் வண்டியின் பாகங்களாகவே விற்கின்றன. கார் பழசானதற்காக ஸ்பேர் பார்ட்ஸ் விலையை யாரும் குறைப்பதில்லை.

எது அதிகம் கெடுகிறது? முதலில் கியர்பாக்ஸ். ஆடி ஏ3இன் 1.4 பெட்ரோல் வண்டியில் ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. இதன் கிளட்ச் ஆயிலில் நனையாத உலர் வகை. ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்துகொண்டே இருக்கும். அண்ணா சாலையின் மாலை நேரம் அதற்குப் பெரும் சோதனை. கியரை மாற்றும் மெக்கட்ரானிக் என்ற கட்டுப்பாட்டுப் பகுதியும் பழுதாகும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் இதே வகை கியர்பாக்ஸுக்காக 2013இல் சீனாவில் மட்டும் 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மெக்கட்ரானிக்கை மொத்தமாக மாற்றினால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும்.

இரண்டாவது, டைமிங் செயின். பிஎம்டபிள்யூ 118டி, பழைய எக்ஸ்1 டீசல் வண்டிகளில் இருந்த என்47 என்ஜினில் இந்தச் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் விலை ஒன்றும் பெரிதில்லை. அதைத் தொடவே என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும் என்பதால் கூலிதான் மலைக்க வைக்கும். செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, பின்புறத்திலிருந்து உரசல் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். நீங்கள் வருமுன்பே விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம்.

மற்றவை சின்னச் செலவுபோலத் தெரிந்தாலும் சேர்ந்து கடிக்கும். பல பிஎம்டபிள்யூக்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயர்தான்; சாதாரண டயரைவிட விலை அதிகம். புகை வடிகட்டி உள்ள டீசல் வண்டியைத் தினமும் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

சென்னைக்காரர்கள் வெள்ளத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். இன்ஷூரன்ஸ் நிறுவனம் முழு நஷ்டம் என்று ஒதுக்கிய வண்டி ஏலத்தில் போய், சரிசெய்யப்பட்டு மறுபடி சந்தைக்கு வருவது உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்; அடியில் சேற்றுக் கறை தெரியலாம். கார்ப்பெட்டைத் தூக்குங்கள், சீட்டுக்கு அடியில் இருக்கும் ரெயிலில் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூழ்கிய காரின் எலக்ட்ரானிக்ஸ் ஒவ்வொன்றாக, மாதக்கணக்கில் கைவிடும்.

‘டெல்லி வண்டி’ மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. தலைநகர்ப் பகுதியில் பத்து வயதைக் கடந்த டீசல் கார்கள் மீது கட்டுப்பாடு விதிக்கப்பட்டதால் அவை தெற்கே வரத் தொடங்கின. அங்குள்ள ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள்வரி ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

வாங்குவதற்கு முன் உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஸ்கேனர் போட வையுங்கள். ஓடோமீட்டரைத் திருத்தியவர்கள் கியர்பாக்ஸ் போன்ற மற்ற கன்ட்ரோல் யூனிட்களில் பதிவான கிலோமீட்டரைத் திருத்த மறந்திருக்கக்கூடும். இந்தச் சோதனைக்கு மறுப்பவரிடம் வாங்காதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

காகித வேலையில் படிவம் 29, 30 இரண்டும் முக்கியம். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடன் இருந்த வண்டியென்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 கேளுங்கள். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது கஷ்டம். பழைய கார் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

ஏமாற்றப்பட்டால் என்ன வழி? டீலரிடம் வாங்கியிருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதில் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, பத்து லட்சம் வரை 200 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. தனிநபரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த வழி பெரும்பாலும் பயன்படாது. சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்; மோசடி என்றால் காவல் நிலையத்துக்கு.

ஒர்க்‌ஷாப்பிலும் உரிமை உண்டு. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். வெளி ஒர்க்‌ஷாப்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பட்டியலில் பென்ஸும் பிஎம்டபிள்யூவும் இருந்தன. தொகை பற்றிய சண்டை மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டால் வேறு கதியில்லை என்ற நிலை நியாயமல்ல என்பதை அந்த உத்தரவு பதிவு செய்தது.

எங்கள் தெரு அண்ணனிடம் இருந்த பில்லில் ‘உள்ளபடியே விற்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்து அவருக்கு மனம் விட்டுப்போனது. இரவு முழுக்க ஃபோனைத் துழாவியதில், வாங்குவதற்கு முந்தைய நாள் டீலர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது: ‘கியர்பாக்ஸ் பக்கா சார், நான் கேரன்டி.’ அவருடைய புகாரின் முதல் இணைப்பு அதுதான்.